கோலுக்கு ஒரு ஃப்ரிட்ஜ்

1. காலியாகக் கிடந்த பாதி

மாலை ஐந்து மணி பத்து நிமிடம். எங்கள் பாதி மைதானத்தில் கோல்கீப்பர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நடுக்கோடு வரைக்கும் வெறும் புல். ஓரத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் கிடந்தது.

மற்றவர்களில் ஒருவர் அந்தக் கோடியில் கொடிக்கம்பத்தின் பக்கத்தில் கார்னர் அடிப்பதற்காகப் பந்தை வைத்துக்கொண்டிருந்தார். மீதி ஒன்பது பேரும் எதிரணியின் கோல் வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். அதிராம்பட்டினத்தில் தொழில்முறைக் கால்பந்து அணி தொடங்கி, மாநில லீக்கில் நாங்கள் ஆடிய முதல் ஆட்டம் அது. ஸ்கோர் மூன்றுக்கு மூன்று. நான் அந்த அணியின் மேனேஜர். கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது பேரும் மேலே ஏறியதற்குக் காரணம் கோச் பெஞ்சமின் இல்லை. கார்னருக்குச் சற்று முன்பு மைக்கில் ஓர் அறிவிப்பு வந்தது.

"அடுத்த கோலை அடிக்கும் வீரருக்கு, துபாயிலிருந்து வருகை தந்திருக்கும் நமதூர் சகோதரர் ஒருவரின் அன்பளிப்பாக மிக்ஸி வழங்கப்படும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

கார்னர் வந்தது. எதிரணியின் கீப்பர் அதைக் கையில் பிடித்து உடனே தூர எறிந்தார். அவர்களுடைய விங் ஆட்டக்காரர் யாரும் குறுக்கே வராமல் எங்கள் கோல் வரை பந்தை ஓட்டிக்கொண்டு போனார். நான்குக்கு மூன்று. விசில்.

கூட்டம் கைதட்டியது. சொந்த அணி மூன்று கோல் அடித்ததைப் பார்த்த திருப்தி. அணியின் உரிமையாளர் ஜமால் காக்கா (அண்ணனை இந்த ஊரில் காக்கா என்பார்கள்) என் பக்கம் திரும்பி, "தோத்தாலும் ஆட்டம் எப்புடி சார்?" என்றார்.

பெஞ்சமின் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

2. நிக்கிறதுக்கு எதுக்கு ஆள்

இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு நான் தஞ்சாவூரில் ஒரு நாளிதழின் விளையாட்டு நிருபராக இருந்தேன். மாவட்டப் பக்கத்தில் விளையாட்டுக்கு இடம் குறைந்தபோது வெளியே வந்தேன். கால்பந்துச் செய்தி எழுதுவதற்கு எங்களிடம் ஒரு நிலையான வடிவம் இருந்தது. முதல் வரியில் யார் ஜெயித்தது. இரண்டாவது வரியில் கோல் அடித்தவர்கள் பெயர், அடித்த நிமிடம். மூன்றாவது வரியில் பரிசு கொடுத்தவர். பின்வரிசைக்காரரின் பெயர் பத்திரிகையில் வர இரண்டு வழிகள்தான் உண்டு. சிவப்பு அட்டை வாங்க வேண்டும், அல்லது சொந்த கோலிலேயே பந்தை அடித்துவிட வேண்டும்.

ஜமால் காக்காவுக்கு துபாயிலும் ஊரிலும் வீட்டு உபயோகப் பொருள் கடைகள் உண்டு. அணிக்கு ஆள் எடுக்கும் பேச்சு ஊர்க் கடையின் மாடியில், வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நடந்தது. காக்கா நான்கு ஃபார்வர்டுகளை, அதாவது முன்வரிசைக்காரர்களை, பேசி முடித்து வைத்திருந்தார். அவர்களில் மூவர் வெளியூர். நான்காவது ஆள் ரியாஸ். உள்ளூர்ப் பையன், இருபத்திரண்டு வயது, மாவட்டத்தில் அவனைவிட வேகமாக ஓடும் ஆட்டக்காரனை நான் பார்த்ததில்லை.

"பேக் யாரு யாரு?" என்று பெஞ்சமின் பின்வரிசைக்காரர்களைப் பற்றிக் கேட்டார்.

"பேக்குக்கு நம்ம பசங்க நிப்பானுங்க கோச். நிக்கிறதுக்கு எதுக்கு வெளியூர்லேந்து ஆளு?"

"நிக்கிறதுதான் கஷ்டம் பாய்."

"ஜனங்க கோல் பாக்கத்தான வர்றாங்க. கோல் வாங்காம இருக்குறத யாரு டிக்கெட் எடுத்துப் பாப்பா?"

பெஞ்சமின் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். கோச் லைசென்ஸ் எடுத்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

காக்காவின் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இந்தக் கடற்கரை ஊர்களில் பல காலமாக ஆடப்படுவது செவன்ஸ், அதாவது ஏழு பேர் ஆட்டம். சின்ன மைதானம். எந்த இடத்திலிருந்து அடித்தாலும் கோல் கிட்டத்தில் இருக்கும். பின்னால் ஒரு ஆள் குறைந்தாலும் இரண்டு எட்டில் திரும்பி வந்துவிடலாம். அதனால் ஏழு பேரும் ஏறுவார்கள், ஏழு பேரும் இறங்குவார்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கோலுக்குக் கோல் பொருள் அறிவிப்பார்கள். இஸ்திரிப் பெட்டி, கம்பளி, கைக்கடிகாரம். பந்து வெளியே போகும்போதெல்லாம் மைக்கில் ஓர் அறிவிப்பு வரும். கூட்டத்துக்கு அது ஆட்டத்தின் பாதி.

பதினொரு பேர் மைதானத்தில் திரும்பி ஓடுவதற்கு இரண்டு எட்டு போதாது. நாங்கள் மைதானத்தை மாற்றினோம், ஆட்களைக் கூட்டினோம், மைக்கை அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

முதல் பாதி சீசன் முடிந்தபோது லீக்கில் அதிக கோல் அடித்த அணிகளில் நாங்கள் இரண்டாவது இடத்தில் இருந்தோம். அதிக கோல் வாங்கிய அணிகளில் முதலிடம். புள்ளிப் பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடம். கடைசி இரண்டு அணிகள் கீழ் டிவிஷனுக்குப் போய்விடும்.

"கீழ போச்சுன்னா நான் மூடிருவேன் சார்," என்றார் காக்கா. "ரெண்டாந்தர லீக்குக்கு என் மச்சான் ஒருத்தனும் ஒத்த ரூவா தரமாட்டான்."

அணியில் மாதச் சம்பளத்துக்கு ஒப்பந்தம் ஆனவர்கள் இருபத்திரண்டு பேர். அதில் பலருக்கு வேறு வேலை இல்லை.

3. பூதலூர் வாய்க்கால்

சீசன் நடுவில் புதிதாக ஒரே ஒரு ஆளைப் பதிவுசெய்ய லீக் அனுமதித்தது. பூதலூர்ப் பக்கம் ஒரு ஃபார்வர்ட் ஒவ்வொரு டோர்னமென்டிலும் கோலாக அடித்துத் தள்ளுகிறான் என்று காக்காவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நானும் பெஞ்சமினும் பார்க்கப் போனோம்.

கோயில் திருவிழாவை ஒட்டி அங்கே ஒரு டோர்னமென்ட். மைதானத்தின் நீளவாக்கில் வாய்க்கால் ஓடியது. ஆற்றில் தண்ணீர் விட்டுச் சில நாட்கள் ஆகியிருந்தன. வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. சுற்றிலும் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது.

நாங்கள் பார்க்கப் போன ஃபார்வர்ட் அன்றைக்குப் பந்தையே சரியாகத் தொடவில்லை. அவனைத் தடுத்து நின்றவர் எதிரணியின் ஸ்டாப்பர், அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்பவர். உயரமான ஆள். முடிக்குக் கறுப்புச் சாயம் அடித்திருந்தார். ஆட்டம் முழுக்க வாய் ஓயவில்லை.

"ஏறாத. நில்லு. டேய் செல்வம், கூட்டத்துல யாரப் பாக்குற? கல்யாணம் அப்புறம் பண்ணிக்கலாம், இப்ப ஆளப் பாரு."

பெஞ்சமின் என் தொடையில் தட்டினார். "பாத்தீங்களா சார், அந்த ஆளு ஓடவே இல்ல. அந்தப் பையன் போற எடத்துக்கு முன்னாடியே போயி நிக்கிறாரு."

நான் வேறொன்றைப் பார்த்தேன். அவர் கையைக் காட்டினால் பக்கத்தில் இருப்பவர்கள் அந்தத் திசைக்குத் தோளைத் திருப்பினார்கள். பந்து பிறகுதான் வந்தது.

ஆட்டம் முடியும் நேரம். அவருடைய அணி ஒரு கோல் முன்னணி. பந்து காலுக்கு வந்ததும் அவர் அதை ஓங்கி வாய்க்காலுக்குள் அடித்தார். பந்து மிதந்து மதகுப் பக்கம் போனது. பையன்கள் கரையோடு ஓடி அதை எடுத்து வந்தார்கள். அடுத்த முறையும் வாய்க்கால்தான். ரெஃப்ரி அருகில் வந்து எச்சரித்தார்.

"நான் என்னங்க பண்றது? காலு அந்தப் பக்கம்தான் போவுது."

அவர் பெயர் ஆரோக்கியம். முப்பத்து மூன்று வயது. ஓர் அரசுத் துறையின் அணியில் ஒப்பந்தத்தில் ஆடிக்கொண்டிருந்தவர். வயதைக் காட்டி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது நடவு மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து பேசினோம்.

"தண்ணி வர்றதுக்கு முன்னாடி இந்த கிரவுண்டுல ரெண்டு கோல் லீடு வேணும் சார்," என்றார். "தண்ணி வந்துட்டா ஒண்ணு போதும்."

அவருக்கு இரண்டு வருட ஒப்பந்தம் வேண்டும். ஒரு சீசனுக்காக மெஷினை விட்டுவிட்டு வர முடியாது என்றார். பெஞ்சமின் அங்கிருந்தே காக்காவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஃபார்வர்ட் பாக்கப் போயி பேக்கப் புடிச்சிட்டு வர்றீங்களா?" என்றார் காக்கா. "டிவி வாங்க வந்தவன் ஸ்டெபிலைசர் மட்டும் வாங்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

"ஸ்டெபிலைசர் இல்லாம உங்க டிவி வாரம் ஒண்ணு எரியுது பாய்."

காக்கா போனிலேயே ஏதோ கணக்குப் போட்டார். பிறகு ஒரு முடிவு சொன்னார். சீசன் முடியும் வரை ஆரோக்கியம் ஆடட்டும். அணி இதே டிவிஷனில் நின்றால் இரண்டு வருட ஒப்பந்தம். கீழே போனால் அவருக்கும் கிடையாது, மற்றவர்களுக்கும் கிடையாது.

"சரிங்க பாய்," என்று ஆரோக்கியம் போனைப் பார்த்துச் சொன்னார். "முடிக்குச் சாயம் அடிக்கிற செலவு யாருது, அதையும் இப்பவே பேசிருவோம்."

4. பஸ் ஸ்டாண்டு

அடுத்த மூன்று ஆட்டங்களில் நாங்கள் எதிர்த்திசையில் தவறினோம்.

நல்ல ஸ்டாப்பர் கிடைத்த தைரியத்தில் பெஞ்சமின் பின்வரிசையில் ஐந்து பேரை நிறுத்தினார். அவர்களுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர். மேலே ரியாஸ் தனியாக. முதல் ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஆட்டத்தில் கடைசியில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம்.

இரண்டாவது ஆட்டத்திலேயே கூட்டம் பாதியில் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டது. மைக்கில் அறிவிக்க ஒன்றும் இல்லை. கார் எண் ஒன்றைச் சொல்லி வண்டியை வழியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள்.

மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் காக்கா உடை மாற்றும் அறைக்கு வந்தார்.

"ரெண்டு மணி நேரமா பந்து அங்கேயும் இங்கேயும் போயிட்டு வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தாலும் இதத்தான் பாத்திருப்பேன். டீயாவது கெடச்சிருக்கும்."

ரியாஸ் சாக்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "நான் அங்க தனியா நின்னு என்ன பண்றது காக்கா? அவனுங்க கோல்கீப்பர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். அவருக்கு ஊரு மன்னார்குடியாம். ரெண்டு புள்ளைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். காக்காவும் சிரித்துவிட்டார். ஆனாலும் நாங்கள் கடைசிக்கு முந்தைய இடத்திலேயே இருந்தோம்.

இந்த இடத்தில் நான் கற்றதைத் தொழில் சார்ந்து சொல்கிறேன். அணி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையில் யோசிக்கிறார்கள். நான்கு ஃபார்வர்ட், ஐந்து பேக் என்று. நாங்கள் நான்கு ஃபார்வர்டை வைத்தும் தோற்றோம், ஐந்து பேக்கை வைத்தும் தோற்றோம். இரண்டிலும் குறை ஒன்றுதான். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் இடைவெளி அதிகம். முதல் அமைப்பில் பந்தை இழந்தால் தடுக்கக் கீழே ஆள் இல்லை. இரண்டாவதில் பந்தைப் பிடுங்கினால் கொடுக்க மேலே ஆள் இல்லை.

பெஞ்சமின் இதைப் பலகையில் படம் போட்டு விளக்கினார். பையன்களுக்குப் பிடிபடவில்லை. மறுநாள் ஆரோக்கியம் ஊரிலிருந்து நைலான் கயிறு கொண்டுவந்தார். மெஷின் போக முடியாத மூலைகளில் கையால் வரிசை நடவு செய்யும்போது பிடிக்கிற கயிறு. பெஞ்சமின் அதை வெட்டி, பின்வரிசைக்காரர் இடுப்பிலிருந்து நடுவரிசைக்காரர் இடுப்புக்கும், அங்கிருந்து ஃபார்வர்ட் இடுப்புக்கும் கட்டினார். ரியாஸ் ஏறினால் பின்னால் இருப்பவர் இழுபடுவார். பந்து போய்விட்டால் பின்னால் இருப்பவர் இறங்குவார், ரியாஸும் இறங்கியாக வேண்டும்.

"கால்பந்து ஆடக் கூட்டிட்டு வந்தாங்களா, நாத்து நடக் கூட்டிட்டு வந்தாங்களான்னு தெரியலையே அண்ணே," என்றான் ரியாஸ்.

"நாத்து நட்டா ஆளுக்கு டீ, வடை உண்டுடா," என்றார் ஆரோக்கியம். "இங்க அதுவும் இல்ல."

முதல் நாள் நான்கு பேர் விழுந்தார்கள். ஒரு வாரத்தில் கயிறு தொய்யாமலும் அறாமலும் நகரப் பழகினார்கள். அதன் பிறகு கயிற்றை எடுத்துவிட்டோம். ஆரோக்கியத்திடம் இன்னொரு உபயோகம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் பந்தைப் பிடுங்கியதும் தலையைத் தூக்கி நேராக ரியாஸின் காலுக்கு நீளமாக அனுப்புவார். எங்கள் தாக்குதல்களில் பாதி அவரிடமிருந்து தொடங்கின. ரியாஸ் எதிரணி பேக்கைத் துரத்தினால் அவர்களால் பந்தை நிதானமாக அனுப்ப முடியவில்லை. எங்கள் தடுப்பு அவனிடமிருந்து தொடங்கியது.

5. குலுக்கல்

பயிற்சியில் நின்ற வரிசை ஆட்டத்தில் நிற்கவில்லை. மைக்கில் டேபிள் ஃபேன் அறிவித்த மறு நிமிடம் எங்கள் லெஃப்ட் பேக், பின்வரிசையில் இடது ஓரம் நிற்க வேண்டியவன், எதிரணியின் கோல் வாசலில் இருந்தான்.

ஆரோக்கியம் அன்று இரவுச் சாப்பாட்டில் ஒரு யோசனை சொன்னார். அறிவிக்கிற பொருள் எல்லாம் ஒரு இடத்தில் சேரட்டும். ஆட்டம் முடிந்ததும் பெயர் எழுதிக் குலுக்கிப் போடுவோம். ஒரு தடவை எடுத்தவன் பெயர் அடுத்த குலுக்கலில் கிடையாது. எல்லோரும் எடுத்து முடித்த பிறகு மறுபடி முதலிலிருந்து. ஆட்டம் தோற்றால் பொருள் கொடுத்தவருக்கே திரும்பிப் போகட்டும். சீட்டுப் பிடித்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

ரியாஸ் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நான் அடிச்ச கோலுக்கு இன்னொருத்தன் மிக்ஸி தூக்கிட்டுப் போவானா?"

அவன் கோபத்துக்குக் காரணம் இருந்தது. தங்கைக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அப்பா இல்லை. கோல் அடித்து வாங்கிய பொருள்களை அவன் அம்மா பெட்டி பிரிக்காமல் ஓர் அறையில் அடுக்கி வைத்திருந்தார். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, குக்கர் எல்லாம் வந்துவிட்டன. இன்னும் வர வேண்டியவை இருந்தன.

"தங்கச்சிக்குன்னா நாங்க எல்லாரும் சேந்து செய்வோம்டா," என்றார் ஆரோக்கியம்.

"யாரும் செய்ய வேணாம். நான் ஓடி வாங்கிக்கிறேன்."

பேச்சு அத்தோடு நின்றது; குலுக்கலும் தொடங்கவில்லை. அடுத்த ஆட்டம் வெளியூரில் நடந்தது, அங்கேயும் ரைஸ் குக்கர் அறிவித்தார்கள். பந்து லெஃப்ட் பேக்கிடம் இருந்தது. ரியாஸ் கோலுக்கு நேர் எதிரே தனியாக நின்று கையைத் தூக்கிக் கத்தினான். கீப்பர் வேறு பக்கம் சாய்ந்திருந்தார். லெஃப்ட் பேக் ரியாஸைப் பார்த்தான். பார்த்துவிட்டு, தொலைவிலிருந்து தானே அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே போனது. ஆட்டம் டிரா.

பஸ்ஸில் திரும்பும்போது ரியாஸ் என் இருக்கைக்கு வந்தான்.

"குலுக்கலே போடுங்க சார்," என்றான். "இவனுங்க எனக்குப் பந்து குடுக்க மாட்டேங்குறானுங்க."

அதற்குப் பிறகு வந்த நான்கு ஆட்டங்களில் நாங்கள் இரண்டில் ஜெயித்தோம், ஒன்று டிரா, ஒன்றில் தோற்றோம். கோலும் அடித்தோம், வாங்கியதும் குறைந்தது. ரியாஸுக்குக் குலுக்கலில் ஒருமுறை டார்ச் லைட் விழுந்தது. கோல்கீப்பர் மைக்ரோவேவ் எடுத்துக்கொண்டு போனார். அவர் வாழ்க்கையில் வாங்கிய முதல் ஆட்டப் பரிசு அது என்றார்.

6. கடைசி ஆட்டம்

சீசனின் கடைசி ஆட்டம் எங்கள் ஊர் மைதானத்தில். கணக்கு எளிது. டிரா செய்தால் டிவிஷனில் நிற்போம். தோற்றால் கீழே, அணி மூடல்.

ஆட்டத்துக்கு முன்பு ஒரு மினி லாரி வந்து மைதானத்தின் ஓரத்தில், உப்பளம் இருக்கும் பக்கமாக நின்றது. மேலே அட்டைப்பெட்டியோடு ஒரு டபுள் டோர் ஃப்ரிட்ஜ் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. காக்காவின் மனைவியுடைய தம்பி துபாயிலிருந்து அன்று காலைதான் வந்திருந்தார். அவருடைய அன்பளிப்பு. எப்போது அறிவிப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

முதல் பாதியில் ரியாஸ் ஓரமாக ஓடிப் பந்தைக் குறுக்கே கொடுத்தான். எங்கள் ரைட் விங் ஆட்டக்காரர் கோல் அடித்தார். இரண்டாவது பாதியில் எதிரணி ஒரு ஃப்ரீ கிக்கில் சமன் செய்தது. ஒன்றுக்கு ஒன்று. அதன் பிறகு எங்கள் வரிசை குலையவில்லை. கடற்காற்று எங்கள் கோலை நோக்கி வீசியது. சூரியன் மறைந்ததும் வரும் மக்ரிப் தொழுகைக்கு முன்பு ஆட்டத்தை முடித்துவிடுவது அங்கே வழக்கம். கூட்டத்தில் சிலர் எழுந்து கைலியை உதறிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி நிமிடங்களில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அப்போது மைக் ஒலித்தது.

"இந்த ஆட்டத்தில் அடுத்த கோலை அடிக்கும் நமது வீரருக்கு டபுள் டோர் ஃப்ரிட்ஜ் ஒன்று அன்பளிப்பாக வழங்கப்படும். இது குலுக்கலுக்கு அல்ல. கோல் அடிப்பவருக்கு மட்டுமே என்று அன்பளிப்பு வழங்கும் சகோதரர் கேட்டுக்கொள்கிறார்."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். காக்கா என் பக்கத்தில் இருந்தார்.

"இத ஏன் இவன் இப்ப சொல்றான்?"

"நிறுத்தச் சொல்லுங்க காக்கா."

"என் வீட்டுக்காரி தம்பி சார். மைக்கப் புடுங்குனா நான் ராத்திரி எங்க போயிப் படுக்குறது?"

கார்னருக்கு எங்கள் ஏற்பாடு இதுதான். உயரமானவர் என்பதால் ஆரோக்கியம் தலையால் முட்ட மேலே போவார். வேகமானவன் என்பதால் ரியாஸ் நடுக்கோட்டில் நிற்பான். பந்து எதிரணியிடம் போய் அவர்கள் ஓடி வந்தால் அவன்தான் பிடிக்க வேண்டும். ஃபார்வர்டைக் கீழே நிறுத்திவிட்டு ஸ்டாப்பரை மேலே அனுப்புகிற வேலை இது. மற்ற நாட்களில் ரியாஸ் முணுமுணுத்துக்கொண்டே நிற்பான்.

அன்று அவன் நடுக்கோட்டைத் தாண்டி வந்துவிட்டான். ஆரோக்கியம் மேலே போகும் வழியில் அவனைப் பார்த்து நின்றார். பெஞ்சுக்கு நேர் எதிரே. அவர்கள் பேசியது எங்களுக்குக் கேட்டது.

"எங்கடா போற?"

"கேட்டீங்கள்ல அண்ணே."

"கேட்டுச்சு. ஊருக்கே கேட்டுச்சு. நீ வேணும்னா போ. நான் இங்க நிக்கிறேன்."

ரியாஸ் நகரவில்லை.

"ஆனா அவனுங்க வந்தா என்னால துரத்த முடியாது," என்றார் ஆரோக்கியம். "முட்டி எப்புடி இருக்குன்னு உனக்குத் தெரியும். யோசிச்சுக்க. சீக்கிரம், ரெஃப்ரி பாக்குறாரு."

ரியாஸ் பெஞ்சைப் பார்த்தான். பெஞ்சமின் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு அவன் மினி லாரியைப் பார்த்தான்.

"நீங்க போங்க அண்ணே," என்றான். "உங்களுக்கு விழுந்துச்சுன்னா ஐஸ் தண்ணி குடிக்க நான் பூதலூர் வரணுமா?"

அவன் திரும்பி நடுக்கோட்டுக்குப் போனான்.

கார்னர் உயரமாக வந்தது. ஆரோக்கியம் எல்லோருக்கும் மேலே எழும்பி முட்டினார். பந்து மேல் கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது. எதிரணியின் ஆள் ஒருவர் அதைத் தூக்கி முன்னால் அடித்தார். அவர்களுடைய விங் ஆட்டக்காரர் அதை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினார். முதல் ஆட்டத்தில் நான் பார்த்த அதே ஓட்டம். எங்கள் பாதியில் கீப்பரும் ரியாஸும் மட்டும் இருந்தார்கள்.

ரியாஸ் முதலில் நேராக அவரிடம் போகவில்லை. உள்பக்கமாக ஓடிக் கோலுக்குப் போகும் வழியை அடைத்தான். அந்த ஆள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார். இருவரும் தோளோடு தோளாகப் பெனால்டி எல்லை வரை வந்தார்கள். அங்கே ரியாஸ் சறுக்கிக் காலை நீட்டினான். பந்து பிரிந்து உருண்டது. அவன் எழுந்து அதை ஓங்கி அடித்தான். பந்து மினி லாரியைத் தாண்டி உப்பளத்தில் போய் விழுந்தது.

பந்தை எடுத்துவர நேரம் ஆனது. வந்து த்ரோ போட்டதும் விசில் ஊதிவிட்டது. ஒன்றுக்கு ஒன்று.

உடை மாற்றும் அறையில் ஆரோக்கியம் நெற்றியில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த எடத்துல நீ நின்னிருந்தா தலைக்கு மேல போயிருக்கும்டா. உன் உயரத்துக்கு அது எட்டாது."

"இப்ப சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க."

"எனக்கே கம்பத்துலதான் பட்டுச்சு."

"கம்பத்துக்குக் குடுக்கச் சொல்லுவோம் அண்ணே. அதுதான் கடைசியா முட்டுச்சு."

வெளியே மினி லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. கட்டிய கயிறு அவிழாமலே ஃப்ரிட்ஜ் கடைக்குத் திரும்பியது.

7. இப்போது

ஆரோக்கியத்துக்கு இரண்டு வருட ஒப்பந்தம் கிடைத்தது. முடிச் சாயச் செலவு அதில் சேர்க்கப்படவில்லை. அணி அதே டிவிஷனில் ஆடிக்கொண்டிருக்கிறது. மைக் இருக்கிறது. பொருள் அறிவிப்பு இருக்கிறது. எல்லாம் குலுக்கலுக்கு மட்டும்தான் என்று காக்கா விதி போட்டிருக்கிறார். அவருடைய மைத்துனருக்கும் அதே விதிதான்.

இப்போது ஆள் எடுக்கும்போது ஃபார்வர்டிடம் நாங்கள் எத்தனை கோல் அடித்தாய் என்று முதலில் கேட்பதில்லை. பந்து போய்விட்டால் எங்கே நிற்பாய் என்று கேட்கிறோம். பேக்கிடம், பந்தைப் பிடுங்கிய பிறகு யாருக்குக் கொடுப்பாய் என்று கேட்கிறோம். இரண்டு கேள்விக்கும் பதில் சொல்கிற ஆட்கள் குறைவு. சம்பளத்தில் ஃபார்வர்டுக்கு எவ்வளவு, பேக்குக்கு எவ்வளவு என்று பிரிப்பதையும் அதன் பிறகுதான் பேசுகிறோம். இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களுக்கு என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான்.

கடைசி ஆட்டத்தின் செய்தி மறுநாள் மாவட்டப் பக்கத்தில் ஐந்து வரி வந்தது. கோல் அடித்த இருவரின் பெயர்களும், அடித்த நிமிடங்களும், அன்பளிப்பு அறிவித்தவரின் பெயரும் அதில் இருந்தன. ரியாஸின் பெயர் இல்லை.